பழைய பத்திரிகைக்குள் ஒரு கவிஞரைத் தேடுவது எப்படி: பாஞ்சோ பாட்டர்சனை வைத்து ஒரு வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் பத்து டாலர் நோட்டில் ஒரு பக்கம் பாஞ்சோ பாட்டர்சன், மறுபக்கம் மேரி கில்மோர். இருவரும் கவிஞர்கள், இருவரும் பத்திரிகைக்காரர்கள். 1966-ல் வந்த முதல் பத்து டாலர் நோட்டில் இருந்த ஹென்றி லாசனும் அந்த ரகம்தான். பாட்டர்சன் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், பொடி எழுத்தில் அவருடைய 'தி மேன் ஃப்ரம் ஸ்நோயி ரிவர்' கவிதை ஓடுவது தெரியும். அந்தக் கவிதை முதலில் வந்தது புத்தகத்தில் அல்ல. அரசியல் கிண்டலும் கேலிச்சித்திரமும் நிறைந்த 'தி புல்லட்டின்' என்ற சிட்னி வார இதழில், 1890 ஏப்ரல் 26 அன்று வந்தது. நூலாக அச்சேற 1895 அக்டோபர் ஆயிற்று.

இப்படி வாரா வாரம் பத்திரிகையில் எழுதியவரைத் தொகுப்பு நூலை மட்டும் வைத்துப் படித்தால் பாதிதான் கையில் வரும். எந்தக் கவிதை எதற்குப் பதில், எந்தத் தலைப்பு யாரைக் குத்துகிறது என்பதெல்லாம் தேதி வரிசையில் வைத்தால்தான் விளங்கும். அந்தப் பக்கங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 2009-ல் தொடங்கிய 'ட்ரோவ்' தளத்தில் காசு கொடுக்க வேண்டாம், படிப்பதற்குக் கணக்குத் தொடங்கவும் வேண்டாம். ஆனால் அது கடல். எங்கே இறங்குவது, எங்கே கால் வழுக்கும் என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

முதலில் ஒரு தேதித் தாள்

தேடல் பெட்டியைத் தொடுவதற்கு முன், ஆளின் வாழ்க்கையை 'எந்த ஆண்டு, எந்தப் பத்திரிகை' என்று பிரித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு 'ஆஸ்திரேலியன் டிக்‌ஷனரி ஆஃப் பயோகிராஃபி' போதும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாட்டர்சன் அதன் 11-ஆம் தொகுதியில் இருக்கிறார். பாட்டர்சனுக்கு அந்தத் தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1864 பிப்ரவரி 17, நியூ சவுத் வேல்ஸில் ஆரஞ்ச் ஊருக்குப் பக்கத்தில் நரம்ப்லாவில் பிறப்பு.
1885 பிப்ரவரி, புல்லட்டினில் முதல் கவிதை. 1886 முதல் சிட்னியில் சொலிசிட்டர்.
1889 முதல் 1894 வரை புல்லட்டினில் பெயர் பெற்ற கவிதைகள்.
1895 முதல் தொகுப்பு, ஆங்கஸ் அண்ட் ராபர்ட்சன் வெளியீடு.
1899 அக்டோபர் முதல் 1900 வரை தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நிருபர். 'சிட்னி மார்னிங் ஹெரால்ட்', மெல்பர்னின் 'தி ஏஜ்' இரண்டுக்கும்.
1901 சீனா, பிறகு லண்டன்.
1904 வாக்கில் தொடங்கி 1908 வரை 'ஈவினிங் நியூஸ்', 'டவுன் அண்ட் கன்ட்ரி ஜர்னல்' இரண்டுக்கும் அடுத்தடுத்து ஆசிரியர்.
1908 முதல் கூட்ரா வேல் என்ற 40,000 ஏக்கர் பண்ணையில்.
முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பின்பு எகிப்தில் படைக்குதிரைகளைப் பழக்கும் பிரிவில் அதிகாரி.
1920-களில் 'சிட்னி ஸ்போர்ட்ஸ்மேன்' ஆசிரியர்.
1939 ஹெரால்டில் நினைவுக் குறிப்புகள். 1941 பிப்ரவரி 5 மறைவு.

இந்தத் தாளின் பயன் தேடும்போது தெரியும். 1908-க்குப் பிறகு சில ஆண்டுகள் மனிதர் பண்ணையில் இருந்தார் என்று தெரிந்தால் அந்த ஆண்டுகளில் வலையை அகலமாக வீசி நேரத்தை வீணாக்க மாட்டீர்கள். 1899 முடிவில் சிட்னிக் குதிரைப் பந்தயத்தை நேரில் பார்த்தது போன்ற ஒரு கட்டுரை அவர் பெயரில் கிடைத்தால், உடனே சந்தேகம் வரும்.

பெயரிலேயே ஒரு கண்ணி

பத்திரிகையில் அவர் பெயர் பாட்டர்சன் இல்லை, 'தி பாஞ்சோ'. குடும்பப் பண்ணையில் இருந்த ஒரு பந்தயக் குதிரையின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார். அந்தப் புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் ஒரு சிட்னி வக்கீல் என்பது 1895-ல் தொகுப்பு வந்தபோதுதான் பரவலாகத் தெரிந்தது. எனவே 1895 அக்டோபருக்கு முந்தைய பக்கங்களில் 'பாட்டர்சன் கவிதை' என்று தேடினால் ஒன்றும் சிக்காது. சிக்கினால் அது பெரும்பாலும் வேறொரு பாட்டர்சன்.

சரி, 'பாஞ்சோ' என்று தேடலாம் என்றால் அங்கே வேறு கூத்து. 1890-களில் பாஞ்சோ ஒரு பிரபல இசைக்கருவி. இசைக்கடை விளம்பரங்களும் முகத்தில் கரி பூசி ஆடும் நாடகக் குழுக்களின் அறிவிப்புகளும் ஆயிரக்கணக்கில் வந்து விழும். குதிரைப் பந்தயப் பட்டியல்களில் அதே பெயரில் குதிரைகளும் ஓடும். தப்பிக்க மூன்று வழிகள்:

வகை வடிகட்டியில் விளம்பரங்களையும், பட்டியல்களும் முடிவுகளும் அடங்கிய பிரிவையும் விட்டுவிட்டு, 'கட்டுரை' வகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'இலக்கியம்' என்ற வகையும் உண்டு. ஆனால் எல்லாக் கவிதையும் அதில் போய்ச் சேர்ந்திருக்கவில்லை, அதை மட்டும் நம்ப வேண்டாம்.

'பாஞ்சோ', 'புல்லட்டின்' இரண்டு சொற்களையும் ஒரே இரட்டை மேற்கோளுக்குள் போட்டு, மூடும் மேற்கோளை ஒட்டி ஓர் அலைக்குறியும் (~) 5 என்ற எண்ணும் சேருங்கள். இரண்டும் ஐந்து சொல் தொலைவுக்குள் வரும் இடங்கள் மட்டும் வரும். கவிதையை எடுத்துப் போட்ட ஊர்ப் பத்திரிகைகள் அடியில் 'பாஞ்சோ, புல்லட்டினில்' என்று நன்றிக்குறி போடும் வழக்கம் இருந்ததால், இது நன்றாக வேலை செய்யும்.

மூன்றாவது வழி, ஆளின் பெயரை விட்டுவிட்டு கவிதையின் நடுவிலிருந்து ஓர் அபூர்வமான சொற்கட்டை எடுத்துத் தேடுவது. இதுதான் எல்லாவற்றிலும் நம்பகமானது.

இயற்பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் அவர் பெயருக்கு (Paterson) ஒரே ஒரு 'டி'. அச்சுக்கோப்பவர்கள் கைப்பழக்கத்தில் இரண்டு போட்டுவிடுவார்கள். இரண்டு விதமாகவும் தேடுங்கள். 'ஏ. பி.' (A. B.) என்ற முதலெழுத்துகளோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை.

ட்ரோவில் இரண்டு கதவுகள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான். ட்ரோவில் செய்தித்தாள்கள் ஒரு பிரிவு, பருவ இதழ்கள் இன்னொரு பிரிவு. புல்லட்டின் பருவ இதழ்ப் பிரிவில் இருக்கிறது. செய்தித்தாள் பிரிவில் மட்டும் தேடுகிறவருக்கு, ஏதோ ஒரு கிராமத்துப் பத்திரிகை இரண்டு வாரம் கழித்து எடுத்துப் போட்ட மறுபதிப்புதான் முதலில் கண்ணில் படும். 'முதலில் வந்தது இங்கேதான்' என்று அதைக் குறித்துக்கொண்டு போய்விடுவார். பிறகு அந்தத் தவறான தேதி ஊர் சுற்றும்.

செய்தித்தாள் பிரிவில் ஒவ்வொரு கட்டுரையும் தனியாக வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். தனி முகவரி இருக்கும். பருவ இதழில் இதழைத் தேதி பார்த்துத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்டுவதே நல்லது. தேதித் தாள் கையில் இருந்தால் இது பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் ஒரு நாள் போகும்.

பாட்டர்சனுக்குத் தேவையான மற்றவை செய்தித்தாள் பிரிவில் இருக்கின்றன: சிட்னி மார்னிங் ஹெரால்ட், ஏஜ், ஈவினிங் நியூஸ், டவுன் அண்ட் கன்ட்ரி ஜர்னல், சிட்னி மெயில், சிட்னி ஸ்போர்ட்ஸ்மேன். பெரும்பாலான நாளிதழ்கள் 1954 வரைதான் கிடைக்கும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அந்தக் காலப் பெரிய நாளிதழ்கள் பலவும் சொந்தமாக ஒரு வார இதழும் நடத்தின. ஹெரால்டுக்கு சிட்னி மெயில், ஈவினிங் நியூஸுக்கு டவுன் அண்ட் கன்ட்ரி ஜர்னல், ஏஜுக்கு லீடர். நாளிதழில் வந்தது வார இதழில் படத்தோடு திரும்ப வருவதுண்டு. நாளிதழ்ப் பக்கம் மங்கிக் கிடந்தால் வார இதழில் போய்ப் பாருங்கள்.

சனிக்கிழமைச் சோதனை

புல்லட்டின் சனிக்கிழமைத் தேதியிட்டு வந்த இதழ். யாராவது ஒரு கவிதைக்குப் புல்லட்டின் தேதி சொன்னால், அது என்ன கிழமை என்று முதலில் பாருங்கள். பாட்டர்சனின் 'கிளான்சி ஆஃப் தி ஓவர்ஃப்ளோ' கவிதைக்குச் சொல்லப்படும் 1889 டிசம்பர் 21 சனி. ஸ்நோயி ரிவருக்குரிய 1890 ஏப்ரல் 26 சனி. கிழமை வேறாக வந்தால் தேதியில் எங்கோ பிழை. மாதமும் நாளும் இடம் மாறியிருக்கலாம், அல்லது அது மறுபதிப்பின் தேதியாக இருக்கலாம். ஹெரால்டுக்கு வேறு சோதனை: ஞாயிற்றுக்கிழமை அது வரவில்லை. ஞாயிறு என்று வந்தால் குறிப்பைத் தூக்கிப் போடுங்கள். அரை நிமிடம் பிடிக்கும் இந்த வேலையைச் செய்யாமல் விட்டவர்களால் எத்தனை கட்டுரைகளில் தப்பான தேதி நிற்கிறது என்று தேடிப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இயந்திரம் படித்த எழுத்து

ட்ரோவில் இடப்பக்கம் தெரியும் எழுத்து, இயந்திரம் பழைய அச்சைப் பார்த்துப் படித்தது. மை பரவிய இடத்திலும், மடிப்பு விழுந்த இடத்திலும், பொடி எழுத்திலும் அது தடுமாறும். 'சி' எழுத்தை 'இ' என்று படிக்கும். 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டிக்கொண்டால் 'எம்' ஆக்கிவிடும். கவிதைக்கு இது இரட்டிப்புத் தொல்லை. உள்தள்ளிய வரிகளும் குறுகிய பத்தியும் சேர்ந்து, ஒரு வரியின் கடைசிச் சொல் அடுத்த வரியில் போய் விழுந்திருக்கும்.

கிளான்சி கவிதையை எடுத்துக்கொள்வோம். எங்கோ ஆட்டுப் பண்ணையில் வேலை பார்த்த கிளான்சிக்கு ஒருவர் கடிதம் போடுகிறார். பதில் வேறொருவரிடமிருந்து வருகிறது. கட்டைவிரல் நகத்தைத் தாரில் தோய்த்து எழுதியது போல் இருக்கிறது அந்தக் கையெழுத்து. தேடுவதற்கு அந்தத் தார் தோய்ந்த நகம்தான் சரியான பிடி. ஆங்கிலத்தில் 'தம்ப்', 'நெயில்', 'டார்' மூன்றும் இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் வருவது அபூர்வம். ஆனால் 'தம்ப்-நெயில்' நடுவில் சிறுகோடு போட்டும், ஒரே சொல்லாகவும், இரண்டாகப் பிரித்தும் அச்சாகியிருக்கும். முழு வாக்கியத்தையும் மேற்கோளுக்குள் போட்டால் சிறுகோடு ஒன்று மாறினாலும் தவறிப்போகும். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, அதே வரியின் 'ரிட்டன்', 'டிப்ட்', 'டார்' மூன்றை மட்டும் அலைக்குறியோடு பத்துச் சொல் தொலைவுக்குள் கேளுங்கள்.

சொன்ன சொல்லை அப்படியே தேட வேண்டுமானால், அதன் முன் 'ஃபுல்டெக்ஸ்ட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி முக்காற்புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் ட்ரோவ் தானாகவே சொல்லின் பிற வடிவங்களையும் சேர்த்துக் கொண்டுவந்து கொட்டும்.

சொல் எண்ணிக்கை வடிகட்டியும் உதவும். நூறுக்குக் கீழே, நூறிலிருந்து ஆயிரம், ஆயிரத்துக்கு மேல் என்று மூன்று பிரிவு. கிளான்சி எட்டுப் பத்தி, 32 வரி, நடுப்பிரிவில் வரும். ஸ்நோயி ரிவர் பதின்மூன்று பத்தி, 104 வரி, ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் பல துணுக்குகளைச் சேர்த்து ஒரே கட்டுரையாக வெட்டியிருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். முதல் முயற்சியில் வடிகட்டாமல் தேடி, குப்பை அதிகமானால் மட்டும் போடுங்கள்.

கணக்குத் தொடங்கினால் இயந்திரத்தின் பிழைகளை நீங்களே திருத்தலாம், திருத்தியது தேடலிலும் சேரும். ஒரே விதி: அச்சில் இருப்பதை அப்படியே தட்டுங்கள். கிளான்சிக்கு வந்த பதிலில் 'அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது' என்பதற்கு இலக்கணப் பிழையோடு 'வேர் ஹி ஆர்' என்று இருக்கும். எழுதப் படிக்கச் சரியாக வராத கம்பளி கத்தரிப்பவனின் கை அது. அந்தப் பிழையில்தான் கவிதையின் சிரிப்பே இருக்கிறது. நல்ல மனதோடு 'இஸ்' என்று திருத்தினால் கவிதை கெட்டது.

1892 சண்டையை வரிசைப்படுத்திப் பார்த்தல்

முறை கைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க நல்ல பயிற்சி, லாசனுக்கும் பாட்டர்சனுக்கும் புல்லட்டினில் நடந்த கவிதைச் சண்டை. 'புஷ்' என்ற உள்நாட்டு வாழ்க்கை வறட்சியும் ஈயும் நிறைந்த நரகம் என்றார் லாசன். அதன் அழகு உனக்குத் தெரியவில்லை, நகரத்திலேயே கிட என்றார் பாட்டர்சன்.

தொகுப்பு நூலை எடுத்துக்கொண்டு லாசனின் 'அப் தி கன்ட்ரி'யைத் தேடினால் 1892 புல்லட்டினில் கிடைக்காது. இதழில் அதன் தலைப்பு 'பார்டர்லேண்ட்'. நூலில்தான் பெயர் மாறியது. 'தி சிட்டி புஷ்மேன்' என்று நூலில் இருப்பது, இதழில் 'இன் ஆன்சர் டு பாஞ்சோ, அண்ட் அதர்வைஸ்'. தலைப்பை நம்பாமல் வரியை நம்ப வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

வரிசை இது: ஜூலை 9 லாசனின் பார்டர்லேண்ட். ஜூலை 23 பாட்டர்சனின் 'இன் டிஃபென்ஸ் ஆஃப் தி புஷ்'. ஆகஸ்ட் 6 லாசனின் பதில். அக்டோபர் 1 பாட்டர்சனின் 'இன் ஆன்சர் டு வேரியஸ் பார்ட்ஸ்'. எல்லாம் சனி. முதல் இரண்டு இடைவெளியும் பதினான்கு நாள். மூன்றாவது இடைவெளி மட்டும் ஐம்பத்தாறு நாள். எட்டு வாரம் என்ன நடந்தது?

அதை அறியத்தான் நடுவில் உள்ள இதழ்களைப் புரட்ட வேண்டும். பாட்டர்சனின் அக்டோபர் தலைப்பில் 'பல கவிராயர்களுக்குப் பதில்' என்று பன்மை நிற்கிறது. லாசன் ஒருவர்தானே? இல்லை. எட்வர்ட் டைசன் ஜூலை கடைசியிலேயே உள்ளே குதித்திருந்தார். ஆகஸ்டில் ஃபிரான்சிஸ் கென்னா 'பாஞ்சோ ஆஃப் தி ஓவர்ஃப்ளோ' என்று கிளான்சியையே திருப்பிப் போட்டு நையாண்டி செய்திருந்தார். தொகுப்பில் பாட்டர்சனின் கவிதை மட்டும் தனியாக நிற்கும்போது அந்தப் பன்மை வெறும் அலங்காரம் போலத் தெரியும். இதழில் பார்க்கும்போது அது கணக்குத் தீர்க்கும் பன்மை. கென்னாவின் நையாண்டி இன்னொரு எச்சரிக்கையும் கூட: 'ஓவர்ஃப்ளோ' என்று தேடி வருவதெல்லாம் பாட்டர்சன் எழுதியது ஆகாது.

1939-ல் ஹெரால்டில் எழுதிய நினைவுக் குறிப்பில், இந்தச் சண்டையைப் போடலாம் என்று யோசனை சொன்னதே லாசன்தான் என்கிறார் பாட்டர்சன். கவிதைக்கு இடத்தை அளந்து காசு கொடுத்த காலம். இரண்டு பேரும் மோதிக்கொண்டால் இருவருக்கும் வரும்படி. வாரக்கணக்கில் அடித்துக்கொண்டோம் என்றும் சொல்கிறார். ஜூலை 9 முதல் அக்டோபர் 1 வரை சரியாகப் பன்னிரண்டு வாரம். அந்த மட்டில் நினைவு சரி. பேசி வைத்துப் போட்ட சண்டை என்பதற்கு அவருடைய சொல்தான் சாட்சி, அதுவும் 47 ஆண்டுகளுக்குப் பிறகு, லாசன் 1922-லேயே இறந்துவிட்ட நிலையில். எழுதும்போது 'பாட்டர்சன் பின்னாளில் சொன்னபடி' என்ற மூன்று சொல்லைச் சேர்க்காமல் விடாதீர்கள்.

போர்க் கடிதங்களுக்கு இரண்டு தேதி

தென்னாப்பிரிக்காவிலிருந்து தந்தியில் வந்தது சில வரிதான். சொல்லுக்குச் சொல் காசு. பாட்டர்சனின் நீண்ட வர்ணனைகள் தபாலாகக் கப்பலில் வந்தன. எனவே ஒவ்வொரு கடிதத்துக்கும் எழுதிய தேதி ஒன்று, அச்சான தேதி ஒன்று. கிம்பர்லி நகரின் முற்றுகை நீங்கியது 1900 பிப்ரவரி 15. ப்ளூம்ஃபான்டெய்ன் நகரம் வீழ்ந்தது மார்ச் 13. அந்தந்த நாளின் நாளிதழைத் திறந்தால் தந்திச் செய்தி மட்டும் இருக்கும். நான்கைந்து வாரம் தள்ளித் தேடுங்கள். கடிதத்தின் தலையில் ஊரும் நாளும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். இரண்டு தேதியையும் தனித்தனிப் பத்தியில் குறியுங்கள்.

'எங்கள் சிறப்பு நிருபர்' என்று மட்டும் போட்டிருந்தால் நிதானம் தேவை. ஏஜ் பத்திரிகைக்கு வில்லியம் லாம்பி என்ற நிருபரும் அதே போரில் இருந்தார். 1900 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய பெயரில்லாத ஏஜ் கடிதம் அவருடையதாகவே இருக்கலாம். அதே கடிதம் ஹெரால்டிலும் வந்திருக்கிறதா, பாட்டர்சன் அன்று அந்த ஊரில் இருந்தாரா என்ற இரண்டு கேள்விக்கும் ஆம் என்றால் மட்டும் அவர் கணக்கில் சேருங்கள். சிட்னி ஸ்போர்ட்ஸ்மேனில் அவர் ஆசிரியராக இருந்த ஆண்டுகளின் பெயரில்லாத பந்தயக் குறிப்புகளுக்கும் இதே கறார் வேண்டும். ஆசிரியர் என்பதாலேயே எல்லாம் அவர் எழுதியதாகிவிடாது.

1934-ல் அவர் எழுதிய 'ஹாப்பி டிஸ்பாச்சஸ்' இந்தப் போர் நாட்களைத் திரும்பச் சொல்கிறது. கலகலப்பான நூல். ஆனால் 1900-ல் எழுதிய கடிதத்தோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் முட்டும் இடத்தில் அன்றைய கடிதத்துக்கே முதல் மரியாதை.

வால்ட்சிங் மெட்டில்டா: எந்தச் சொல் யாருடையது

பாட்டர்சன் பெயரில் உலகம் பாடும் பாட்டில் பாதிச் சொல் அவருடையதல்ல என்று சொன்னால் மிகை; சில முக்கியமான சொற்கள் அவருடையவை அல்ல. 1895-ல் குயின்ஸ்லாந்தில் வின்டனுக்கு அருகே டாக்வொர்த் பண்ணையில், கிறிஸ்டினா மக்ஃபெர்சன் வாசித்துக் காட்டிய மெட்டுக்கு எழுதியது. 1903-ல் 'பில்லி டீ' என்ற தேயிலையின் விளம்பரத்துக்காக மேரி கோவன் மெட்டையும் சொல்லையும் மாற்றினார். பாட்டர்சன் தன் வடிவத்தை நூலில் சேர்த்தது 1917-ல், 'சால்ட்புஷ் பில், ஜே.பி.' தொகுப்பில்.

சோதிக்க எளிய வழி: முதல் வரியில் 'ஸ்வாக்மேன்' (படுக்கை மூட்டையோடு வேலை தேடி அலைபவன்) என்ற சொல்லுக்கு முன்னால் 'ஜாலி' இருந்தால் அது விளம்பர வழி வந்தது. 'என்னை உயிரோடு பிடிக்க முடியாது' என்ற சவடாலும் பாட்டர்சனின் 1917 வடிவத்தில் இல்லை. அங்கே அவன் பேசாமல் குதித்து மூழ்கிப் போகிறான். மேற்கோள் காட்டும்போது எந்த வடிவம் என்று சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

தமிழில் எழுதப் போகிறவர்கள் இடறும் சொற்கள்

ஸ்நோயி ரிவர் கவிதையின் முதல் மூன்று வரியிலேயே மூன்று கண்ணி இருக்கிறது. முதல் வரியில் 'ஸ்டேஷன்': ரயில் நிலையம் அல்ல, ஆடு மாடு வளர்க்கும் பெரும் பண்ணை. இரண்டாம் வரியில் 'ஓல்ட் ரிக்ரெட்': பழைய வருத்தம் அல்ல, தப்பியோடிய குட்டியைத் தந்த குதிரையின் பெயர். ஆங்கிலத்தில் தலைப்பெழுத்து காட்டிக்கொடுக்கும், இயந்திரம் படித்த எழுத்தில் அது போயிருந்தால் கோட்டை விடுவீர்கள். பக்கத்தின் படத்தையே பாருங்கள். மூன்றாம் வரியில் 'புஷ்': புதர் அல்ல, ஊர் தாண்டிய உள்நாடு முழுவதும்.

இன்னும் சில. 'ஸ்குவாட்டர்' நம் காதுக்குப் புறம்போக்கில் குடிசை போட்டவர் மாதிரிக் கேட்கும். அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலத்துக்குச் சொந்தக்காரர். தலைகீழாகிவிட்டால் பாட்டின் வர்க்கக் கோபமே தலைகீழாகிவிடும். 'மெட்டில்டா' பெண் அல்ல, தோளில் தொங்கும் படுக்கை மூட்டை. 'பில்லபாங்' ஆறு திசை மாறியபோது பின்தங்கிய மடு. 'ஜம்பக்' செம்மறி. 'பில்லி' தேநீர் கொதிக்க வைக்கும் தகரப் பாத்திரம். 'ட்ரோவிங்' மந்தையை நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிக்கொண்டு போகும் தொழில். பணம் வந்தால் பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. அந்தக் குட்டியின் விலை ஆயிரம் பவுண்டு.

சேமிப்பதும் வெளியிடுவதும்

கிடைத்ததை உடனே பதிவு செய்யுங்கள். பத்திரிகைப் பெயர், ஊர், தேதி, பக்கம், அச்சில் உள்ள கையொப்பம், அச்சில் உள்ள தலைப்பு, பிறகு நூலில் உள்ள தலைப்பு என்று ஏழு பத்தி போதும். உலாவியின் மேலே தெரியும் நீண்ட தேடல் முகவரியை நகலெடுக்க வேண்டாம். 'சைட்' பொத்தானை அழுத்தினால் வரும் நிலையான முகவரியை எடுங்கள். பக்கத்தின் படத்தையும் பிடிஎஃப்பாக இறக்கி, கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண் போடுங்கள். அப்போதுதான் கோப்புகள் தானாகக் கால வரிசையில் நிற்கும்.

மொழிபெயர்த்து வெளியிடலாமா என்பது கடைசிக் கேள்வி. ஆஸ்திரேலியாவில் ஆசிரியர் இறந்த பின் எழுபது ஆண்டு உரிமை. ஆனால் 1955-க்கு முன் இறந்தவர்கள் தம் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துக்கு உரிமை ஏற்கெனவே முடிந்துவிட்டது. லாசனும் பாட்டர்சனும் அதில் அடக்கம். இந்தியாவில் அறுபது ஆண்டு, இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. பாட்டர்சனுக்கு 2001 கடைசியோடு முடிந்தது. நோட்டின் மறுபக்கத்தில் இருக்கும் மேரி கில்மோரைத் தேடப் போனால் கணக்கு மாறும். அவர் 1962-ல் இறந்தார். இந்தியாவில் 2023 தொடக்கத்திலிருந்து தடையில்லை. ஆஸ்திரேலியாவில் 2032 முடியும்வரை அனுமதி கேட்டாக வேண்டும்.